கடலை ஏறிய கப்பல்

"எய்யா, இதுல கருப்பட்டில்லா கெடக்கு!"

தட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒட்டியிருந்ததை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்ததும் அம்மா சொன்னது இது. அம்மாவின் ஊர் உடன்குடி. பதநீர் காய்ச்சும் அடுப்படியில் வளர்ந்த நாக்கு அவருடையது. கருப்பட்டி எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

அன்று 2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. ஆக்லாந்தில் பொது விடுமுறை. நல்ல குளிர்காலம், போதாததற்கு மழைத் தூறல். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை வெளியே சாப்பிடக் கூட்டிப்போனோம். டொமினியன் சாலை நெடுக சீனச் சாப்பாட்டுக் கடைகள்தான். அவற்றுள் எட்டு மேசை மட்டுமே போட்ட ஒரு கடை இந்தோனேசியச் சீனக் குடும்பம் ஒன்று நடத்துவது. எந்தத் தட்டும் 20 டாலரைத் தாண்டாது. நால்வர் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தாலும் மறுநாள் கணக்குப் பார்த்து வருந்த வேண்டியிராது. நியூசிலாந்துச் சட்டப்படி பொது விடுமுறையில் வேலை செய்பவருக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியம் கொடுக்க வேண்டும். ஆகவே பல உணவகங்கள் அன்று விலையோடு 15 சதவீதம் சேர்த்து வாங்கும், அல்லது கதவை மூடிவிடும். இந்தக் கடையில் சமைப்பது அம்மா, பரிமாறுவது மகள், பாத்திரம் கழுவுவது அப்பா. விலையும் ஏறவில்லை, கதவும் மூடவில்லை.

மேசைக்கு வந்தவை நாசி கோரெங், மீ கோரெங், சாப் சாய் என்ற காய்கறிக் கலவை, பொரித்த தெம்பே, கோழிக் குழம்பு. நாசி என்றால் சோறு, கோரெங் என்றால் பொரித்தது. இவை மலாய்ச் சொற்கள். மீ, சாப் சாய் இரண்டும் தென்சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தவை. கோழிக் குழம்பின் பெயர் 'காரி ஆயாம்'. அந்தக் காரி நம் கறி. ஒரே உணவுப் பட்டியலில் பல மொழிகள். எல்லாத் தட்டுகளிலும் பொதுவாக இருந்தது அந்தக் கறுப்பு நிறம். அதன் பெயர் கெச்சாப் மானிஸ். மானிஸ் என்றால் இனிப்பு. தேன்பதத்தில் கெட்டியாக, கரிய பாகு போல இருக்கும் இனிப்பு சோயாச் சாறு. இந்தோனேசியச் சீனச் சமையலில் பாதி ருசி இந்தப் புட்டிக்குள்தான் இருக்கிறது. அன்று முதல் அதன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடிய இடத்திலெல்லாம் தமிழ் எதிர்ப்பட்டது.

முதலில் பெயர். கெச்சாப் என்ற சொல் பிறந்த இடம் சீனத்தின் தென்கிழக்குக் கரையான ஃபூஜியான். அங்கே ஹொக்கியன் பேசும் மீனவரும் மாலுமிகளும் மீனை உப்பிட்டு நொதிக்கவைத்து வடித்த சாற்றை 'கெ-சியாப்' என்றார்கள். மொழியறிஞர் டான் ஜுராஃப்ஸ்கி இந்தச் சொல்லின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்: 'கெ' பதப்படுத்திய மீன், 'சியாப்' சாறு. ஆக, பிறக்கும்போது இதில் சோயாவும் இல்லை, வெல்லமும் இல்லை, தக்காளியும் இல்லை. மீனும் உப்பும் மட்டுமே.

அந்தக் கரையின் பெருந்துறைமுகம் சுவான்சோ. மார்க்கோ போலோ சைத்தூன் என்று வியந்து எழுதிய ஊர். 1281-இல், குப்லாய் கான் ஆட்சியில், அங்கே ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழில் கல்வெட்டு வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் உண்டு. கெச்சாப்பின் தாய்மொழி பேசப்படும் ஊரில் தமிழ் வணிகர் ஒருவர் கோயில் கட்டி வாழ்ந்திருக்கிறார். அவர் அந்த மீன்சாற்றைத் தொட்டுச் சாப்பிட்டாரா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அந்தத் தெருவில் நடந்தவர் மூக்கில் அந்த மணம் ஏறாமல் இருந்திருக்க முடியாது என்பது மட்டும் என் நம்பிக்கை.

சாறு கப்பலேறித் தெற்கே வந்தது. ஹொக்கியன் வணிகர்கள் வியட்நாம், மலாக்கா, சுமத்ரா, ஜாவா எங்கும் குடியேறினார்கள். அவர்களுடைய சாடிகளும் கூடவே வந்தன. ஆங்கிலேயரும் அங்கேதான் அதைச் சந்தித்தார்கள். சார்ல்ஸ் லாக்யர் என்ற வணிகர் 1711-இல் கீழைக் கடல் வாணிகம் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் சென்னைக் கோட்டையும், அச்சேயும், மலாக்காவும், கான்டனும் அதில் ஒன்றாக இடம்பெறுகின்றன. சோயாச் சாறு ஜப்பானிலிருந்து தொட்டிகளில் வருகிறது, சிறந்த கெச்சாப் தொங்கினிலிருந்து, அதாவது வட வியட்நாமிலிருந்து வருகிறது என்று குறித்திருக்கிறார். இங்கிலாந்து போன கெச்சாப் அங்கே காளானிலும் வால்நட்டிலும் செய்யப்பட்டது. 1812-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் தக்காளியில் செய்யும் முறையை எழுதினார். 1876-இல் ஹைன்ஸ் நிறுவனம் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. மேற்கே போன கிளைக்கு இவ்வளவு போதும். அது ஊரறிந்த கதை. நம் மேசைக்கு வந்தது கிழக்கிலேயே தங்கிய கிளை.

ஜாவாவில் தங்கிய கெச்சாப் இரண்டு முறை மாறியது. முதலில் மீன் போய் சோயா வந்தது. அடுத்து உப்புச் சாறு இனிப்புப் பாகானது. இரண்டாவது மாற்றம் ஜாவாக்காரர்களின் நாக்கு செய்தது. மத்திய ஜாவாவில் கறியிலும் இனிப்பு, குழம்பிலும் இனிப்பு. தென்னம்பாளையிலிருந்தும் ஆரென் பனையிலிருந்தும் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையிலும் மூங்கில் துண்டிலும் ஊற்றி வைப்பார்கள். நம் கருப்பட்டிக்கு உடன்பிறந்த வெல்லம் அது. சீனர் சாடியிலிருந்து வந்த உவர்ச் சாற்றில் அதைக் கொட்டிக் காய்ச்சினார்கள். உடன்குடி நாக்குக்கு ஆக்லாந்தில் பிடிபட்டது அதுதான்.

செய்முறையைச் சொல்லாமல் போனால் இதன் அருமை தெரியாது. கறுப்பு சோயாவை ஊறவைத்து வேகவைப்பார்கள். வடித்து, மூங்கில் தட்டுகளில் பரப்புவார்கள். மூன்று நான்கு நாளில் பூஞ்சை படர்ந்து பயறு முழுக்கப் போர்வை போர்த்தியதுபோல் ஆகும். அந்தப் பூஞ்சைதான் சமையற்காரர். பயற்றின் புரதத்தை உடைத்து ருசியாக மாற்றுவது அது. பிறகு காயவைத்து, அடர்ந்த உப்புநீரில் போட்டு, மண் சாடிகளில் வெயிலில் வைப்பார்கள். வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் கிடக்கும். காலையில் மூடி திறப்பதும் மழைக்கு மூடுவதும் நம் வீட்டில் வடகம், ஊறுகாய் காயவைக்கும் பக்குவம்தான். கடைசியில் வடிகட்டிய சாற்றில் பனைவெல்லமும் அன்னாசிப்பூவும் பேரரத்தையும் சேர்த்துக் கம்பிப்பதம் வருமுன் இறக்குவார்கள். வடித்த சாற்றின் எடைக்குச் சமமாக, சில கைகளில் அதற்கும் மேலாக, வெல்லம் விழும்.

கடைக்கார அம்மாளை நாங்கள் 'தாந்தே' என்று அழைப்போம். அத்தை, சித்தி போன்ற சொல் அது, டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. அம்மா கருப்பட்டி என்று சொன்னதை மொழிபெயர்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. சமையற்கட்டிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தில் உதிரிப் பயறு கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினார். கறுப்பாக, உளுந்தைவிடப் பெரிதாக இருந்தது.

"கெடெலாய் ஹித்தாம்," என்றார்.

"என்னது, கடலையா?" என்றார் அம்மா.

தாந்தே மறுபடியும் மெதுவாகச் சொன்னார். கெ-டெ-லாய். அம்மா என்னைப் பார்த்தார். "கடலைன்னுதானய்யா சொல்லுதா!"

அம்மா கேட்டது சரி. இந்தோனேசிய மொழியில் சோயாவுக்குப் பெயர் கெடெலாய். ஜாவா மொழியில் கெடெலே. தமிழ்க் கடலையிலிருந்து வந்த சொல் என்று மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். அம்போன் தீவில் கண்ணிழந்தும் தாவரங்களை ஆராய்ந்து எழுதிய ரம்ஃபியஸ் இறந்தது 1702-இல். அவருடைய பெருநூல் 1741 முதல் வெளிவந்தது. அதில் சோயாவுக்கு அவர் இட்ட லத்தீன் பெயர் 'கடேலியம்'. நம் கடலை ஐரோப்பியத் தாவரநூலிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

சோயாப் பயறு நம் ஊரில் விளைந்ததல்ல. அதன் தாயகம் சீனம். அப்படியிருக்க, சீனப் பயற்றுக்குத் தமிழ்ப் பெயர் எப்படி வந்தது? தமிழ் வணிகர் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோன பயறு ஜாவாவின் சந்தைகளில் கடலை என்ற பெயரில் முன்பே பழகியிருக்க வேண்டும். பிறகு வேறொரு திசையிலிருந்து புதுப் பயறு வந்தபோது, பழகிய பெயரையே அதற்கும் வைத்திருப்பார்கள். இது என் ஊகம். ஆனால் ஊகத்துக்குக் கல்லில் ஆதாரம் இருக்கிறது. சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தார் வெட்டியது. கப்பல் தலைவர் முதலானோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. வந்துபோனவர்கள் அல்ல அவர்கள். அங்கே அமர்ந்து கணக்குப் பார்த்தவர்கள். கடை என்பது அங்கே கெடாய் ஆயிற்று, முதல் மொடால் ஆயிற்று, பெட்டி பெத்தி ஆயிற்று, ஆப்பம் ஆப்பெம் ஆயிற்று. தாந்தேயின் எட்டு மேசைக் கடையும் அவர் மொழியில் ஒரு கெடாய்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பயற்றை நாம் என்னவென்று சொல்கிறோம்? சோயா. அது ஜப்பானியர்களின் 'ஷோயு' டச்சு வழியாக ஐரோப்பா போய், ஆங்கிலத்தில் ஏறி, நம்மிடம் வந்த சொல். ஜாவாக்காரர் தமிழில் சொல்லும் பொருளைத் தமிழராகிய நாம் ஜப்பானியத்தில் சொல்கிறோம். இதை அறிந்த நாள் முதல் எனக்குச் சோயா என்று சொல்லும்போதெல்லாம் மனம் ஒரு கணம் நிற்கிறது.

ஜாவாவில் இந்தச் சாற்றைத் தொழிலாக வளர்த்தவர்கள் அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்த சீனக் குடும்பங்கள். ஜகார்த்தாவுக்கு மேற்கே தாங்கெராங் ஊரில் ஆற்றங்கரைச் சீனரின் கெச்சாப் பட்டறைகள் பேர்பெற்றவை. அந்த ஊரில் 1928-இல் வீட்டுத் தொழிலாகத் தொடங்கியது பாங்கோ. இன்று இந்தோனேசியா முழுக்க விற்கும் பெயர் அது. 2001-இல் யூனிலீவர் அதை வாங்கியது. மற்றொரு பெரும் பெயரான ஏபிசியை 1999-இல் ஹைன்ஸ் வாங்கியது. தக்காளி கெச்சப்பை உலகெங்கும் விற்ற நிறுவனத்தின் கைக்கே ஜாவாவின் கெச்சாப்பும் போய்ச் சேர்ந்தது. பிரிந்துபோன இரு கிளைகள் முன்னூறு ஆண்டுக்குப் பின் ஒரே கணக்குப் புத்தகத்தில் கூடின. ஆக்லாந்தில் நாங்கள் வாங்கும் புட்டியில் பெரும்பாலும் இந்த ஏபிசி என்ற மூன்றெழுத்துதான். கல்லூரி விடுதிகளில் பிள்ளைகள் வாங்கும் இண்டோமீ பொட்டலத்துக்குள்ளும் கெச்சாப் மானிஸ் ஒரு சிறு உறையில் இருக்கிறது. சமைக்கத் தெரியாத மாணவன்கூட இங்கே ஜாவாவின் பாகைக் கிழித்து ஊற்றித்தான் இரவைக் கடத்துகிறான்.

இந்தச் சாற்றைக் காய்ச்சிய கைகளுக்கு நேர்ந்தவற்றை இந்த இடத்தில் தாண்டிப்போக முடியவில்லை. 1967-இல் சுகார்த்தோ ஆட்சியில் வந்த அதிபர் ஆணை சீனப் பண்டிகைகளையும் சடங்குகளையும் வீட்டுக்குள் ஒடுக்கியது. பெயரையும் இந்தோனேசியப் பெயராக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சீன எழுத்து தெருவிலிருந்து மறைந்தது. 1998 மே 13 முதல் மூன்று நாள் ஜகார்த்தா எரிந்தது. சீனர் கடைகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். பெண்களுக்கு இழைத்த கொடுமையை எழுதக் கை வரவில்லை. தீப்பற்றிய வணிக வளாகங்களில் சிக்கி ஏழை மக்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். ஒரு வாரத்தில் சுகார்த்தோ பதவி விலகினார். கொழும்பில் 1983 ஜூலையைப் பார்த்த தமிழர்கள் ஆக்லாந்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடை எரிவதென்றால் என்னவென்று இரு சமூகத்துக்கும் தெரியும். 2000-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்தத் தடையாணையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு அங்கே தேசிய விடுமுறை. அதற்குள் சிலர் ஊரை விட்டுப் புறப்பட்டிருந்தார்கள். தாந்தேயின் குடும்பமும் அப்படி வந்ததுதான்.

வந்து சேர்ந்த நாடும் சீனரை எப்போதும் வரவேற்ற நாடல்ல. நியூசிலாந்து 1881-இல் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி போட்டது. 1896-இல் அதை 100 பவுண்டாக ஏற்றியது. 1944-இல்தான் நீக்கினார்கள், 2002-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 1987-இன் குடிவரவுச் சட்டம் எந்த நாட்டவர் என்று பார்க்கும் பழைய வழக்கத்தை விட்ட பிறகே ஆசியர்கள் பெருகி வந்தார்கள். டொமினியன் சாலையில் சீனக் கடைகளும், அதற்கு இணையாக ஓடும் சாண்ட்ரிங்காம் சாலையில் இட்லி மாவும் கறிவேப்பிலையும் விற்கும் நம்மவர் கடைகளும் வந்தது அதன் பின்தான். ஒரு சாலையில் கெச்சாப், அடுத்த சாலையில் கருப்பட்டி.

இனி அன்றைய விடுமுறைக்கு வருகிறேன். அது மத்தாரிக்கி. மாவோரிகளின் புத்தாண்டு. நடுக்குளிர்காலத்தில், விடியலுக்கு முன் வடகிழக்கு வானில் ஒரு நட்சத்திரக் கூட்டம் மறுபடி தோன்றும்போது ஆண்டு பிறக்கிறது. 2022 முதல் அது நாட்டுப் பொது விடுமுறை. அந்தக் கூட்டத்தைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"இது நம்ம கார்த்திகைப் பொண்ணுகள்லா!" என்றார்.

ஆமாம், அதே கூட்டம். முருகனுக்குப் பாலூட்டிய அறுவரை மாவோரிகள் ஒன்பது நட்சத்திரங்களாகப் பெயரிட்டு வணங்குகிறார்கள். அவற்றுள் நான்கு உணவோடும் நீரோடும் சேர்ந்தவை. துப்புவானுக்கு என்ற நட்சத்திரம் மண்ணில் விளைவதற்கு, துப்புவாராங்கி மரத்திலும் வானிலும் கிடைப்பதற்கு, வைத்தீ நன்னீருக்கு, வைத்தா கடலுக்கு. அன்று அதிகாலை உணவைச் சமைத்து அதன் ஆவியை அந்த நட்சத்திரங்களுக்குப் படைப்பார்கள். பிறகு கூடி உண்பார்கள். எங்கள் மேசையில் இருந்த புட்டியை நினைத்தேன். மண்ணில் விளைந்த பயறு, மரத்தில் இறக்கிய பாகு, நன்னீர், கடல் உப்பு. வேறெதுவும் அதில் பெரிதாக இல்லை.

எழுந்து பணம் கொடுக்கும்போது தாந்தே ஒரு காகிதப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். ஜாவா வெல்லம், கால் கிலோ இருக்கும். அம்மா தன் பைக்குள் தேடி, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சுக்குக் கருப்பட்டியில் இரண்டு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். ஆக்லாந்து விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்து, அதிகாரி பிரித்துப் பார்த்து, அனுமதித்து விட்ட கருப்பட்டி. மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் முகர்ந்து பார்த்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவர் மொழி தெரியாது.

அந்தக் கைமாற்றம் இந்நாட்டின் இன்னொரு பழைய கைமாற்றத்தை நினைவூட்டியது. ஆக்லாந்துக்கு வடக்கே, வாங்கரேய் பக்கம், 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது பாத்திரமல்ல. ஒரு மணியின் மேல்பாகம், சுற்றிலும் எழுத்து. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். எழுத்து தமிழ். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று படித்திருக்கிறார்கள். இன்று அது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நியூசிலாந்தில் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மணியின் வரியைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு வரிதான். அதில் கப்பல் என்ற சொல் இருக்கிறது. தாந்தேயின் மொழியிலும் அதற்குப் பெயர் கப்பால்.